பத்துச் சொட்டு

ஒன்பதாம் படுக்கையின் சீழ் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லேபுக்கு வந்தது. குழாய்க்குள் பஞ்சு முனை பச்சையாக இருந்தது. திறந்தேன். அழுகிய திராட்சையின் இனிப்பு வாசனை. பத்தொன்பது வருடமாக எனக்குப் பழகிய வாசனை. சூடோமோனாஸ். ஈரம் கண்ட இடமெல்லாம் குடியேறும் கிருமி. வளர்த்துப் பெயர் சொல்ல இரண்டு நாள் ஆகும். மூக்கு அதற்குள் சொல்லிவிடும்.

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: பெண், இருபத்து மூன்று வயது, சிசேரியன் முடிந்து ஐந்தாம் நாள், தையல் பிரிந்துவிட்டது.

தட்டில் தீற்றி முடித்துவிட்டுப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். வருகிற வெள்ளிக்கிழமை, இந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் நடந்த அதே தியேட்டரில் என் தங்கைக்கு சிசேரியன். பட்டியலில் மூன்றாவது பெயர். அவளுக்காகத்தான் புரட்டினேன். மற்றவர்களுக்காகப் புரட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறு வாரத்தில் ஒன்பதாம் படுக்கைக்கு முன்னால் ஆறு பேர். ஆறும் அதே தியேட்டர், அதே பச்சைச் சீழ், அதே கிருமி. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்க, கிருமி பரப்பிய தட்டில் மருந்து தோய்ந்த சின்னக் காகித வட்டுகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெற்றிடம் விழும். அதை ஸ்கேலால் அளந்து மில்லிமீட்டரில் எழுதுவோம். ஆறு பேரின் அளவுகளையும் ஒரு தாளில் கீழே கீழே எழுதினேன். ஒரே ஆளின் கைரேகையை ஆறு முறை எடுத்தது மாதிரி இருந்தது.

ஆறு பெண்கள் ஆறு வீட்டிலிருந்து வந்தவர்கள். ஆறு வீட்டிலும் ஒரே கிருமி இருக்காது. அது இங்கே இருக்கிறது.

ஆறு ரிப்போர்ட்டையும் என் கையால்தான் எழுதினேன். ஒவ்வொன்றாக எழுதினேன். சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க ஒரு டாக்டர் இருக்க வேண்டும். எங்கள் லேபில் அந்தப் பதவி இரண்டு வருடமாகக் காலி. அவர் நாற்காலியில் பழைய பதிவேடுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். இது சாக்கு. சாக்கு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பிரசவ வார்டுக்கு நானே போனேன். லேபிலிருந்து யாரும் வார்டுக்குப் போவது வழக்கமில்லை. சீழ் எங்களிடம் வரும், தாள் அவர்களிடம் போகும். ஆள் போகமாட்டார்.

வார்டு சிஸ்டரின் மேசையில் ஒரு தகரத் தட்டு இருந்தது. அதில் என் ரிப்போர்ட்டுகள் கிடந்தன. நான் குத்திய குண்டூசிகூடக் கழற்றப்படாமல் அப்படியே. மூன்று பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள், ரிப்போர்ட் தட்டில் இருக்கிறது. ஆறிலும் ஒரே வரியை எழுதியிருந்தேன்: வழக்கமாகப் போடும் ஊசி இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. ஒன்பதாம் படுக்கையின் கேஸ் அட்டையைப் பார்த்தேன். ஐந்து நாளாக அதே ஊசி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். கெட்டவரில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு வயிற்றைத் திறந்து மூடுகிறவர். ஆறு ரிப்போர்ட் என்றதும் தனக்கு ஒன்றுகூட வரவில்லையே என்றார். தட்டில் இருக்கிறது என்றேன். எந்தத் தட்டு என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு எந்த மருந்து வேலை செய்யும் என்று மட்டும் சொன்னேன். மாற்றி எழுதச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒன்பதாம் படுக்கையைப் போய்ப் பார்த்தேன். கட்டில் காலியாக இருந்தது. பக்கத்து ஸ்டூலில் மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் எங்கே என்று கேட்டேன். குழாயடியில் என்றார்.

அந்தப் பெண் வயிற்றை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். கை விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, துணி துவைத்துவிட்டு வந்த மாதிரி. படுக்கையில் உட்கார்ந்தாள். குழந்தை அழுதது. மாமியார் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இன்னொரு தடவை கழுவிட்டு வந்துடறேன் அத்தை."

இன்றைக்கு இது ஏழாவது தடவை என்று மாமியார் என்னிடம் சொன்னார். குழந்தையைத் தொடவே பயப்படுகிறாள், தன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டுவிடும் என்கிறாள். பால் கொடுக்க மட்டும் எடுக்கிறாள், அதுவும் துணியைச் சுற்றிக்கொண்டு. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். மாமியார் வார்டு சிஸ்டரின் மேசைப் பக்கம் முகவாயைக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன் சரியாகக் குளித்திருக்க மாட்டாள், வீட்டில் சுத்தம் போதாது, அதனால்தான் சீழ் வைத்துவிட்டது என்று சொன்னார்களாம். சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் தாழ்ந்தது. அவர் வீட்டைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"நாங்க ரெண்டு வேளையும் குளிக்கறவங்கம்மா," என்றார். என்னவோ நான் சந்தேகப்பட்ட மாதிரி.

அவர்களிடம் உண்மையைச் சொல்ல நினைத்தேன். ஆனால் கையில் எதுவும் இல்லை. ஒரு தாளும் என் மூக்கும் மட்டும்.

செவ்வாய்க்கிழமை தியேட்டருக்குப் போனேன். தியேட்டர் சிஸ்டருக்கு மருத்துவமனை முழுக்கப் பளிச் என்று பெயர். அவர் ஆளும் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். தன் செருப்பையே வாசலில் இரண்டு முறை தட்டுகிறவர். என்னைப் பார்த்ததும், லேபுக்கு வழி தவறிவிட்டதா என்றார். சாம்பிள் எடுக்க வேண்டும் என்றேன். எடுத்துக்கொள்ளுங்கள், ஏதாவது கிடைத்தால் எனக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்றார்.

குழாய், தொட்டி, சோப்பு, மேசையின் மடிப்பு, விளக்கின் கைப்பிடி. ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சைத் தேய்த்துக் குழாயில் போட்டேன். அவர் என் பின்னாலேயே வந்து நான் தொட்ட இடத்தையெல்லாம் துடைத்தார்.

கடைசியாக அலமாரி. ஆபரேஷனுக்கு முன் வயிற்றுத் தோலைத் துடைக்கும் கிருமிநாசினி அங்கே இருந்தது. பெரிய கண்ணாடி பாட்டில். நாலு லிட்டர் பிடிக்கும். மூடி எப்போதோ தொலைந்துபோயிருக்கிறது. வாயில் பஞ்சு அடைத்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்ற பஞ்சு. தினமும் மாற்றுவதாகச் சொன்னார்.

"இதை எப்ப காலி பண்ணிக் கழுவுவீங்க சிஸ்டர்?"

"காலியாகவே விடமாட்டேன்," என்றார். பெருமையாகத்தான் சொன்னார். "பாதிக்கு வந்தா மேல ஊத்தி நிரப்பிடுவேன். மருந்து இல்லைன்னு என் தியேட்டர் ஒரு நாள் நின்னது கிடையாது."

எத்தனை வருடமாக இந்த பாட்டில் என்று கேட்டேன். அவர் வேலைக்குச் சேரும்போதே இருந்ததாம்.

உறிஞ்சு குழாயில் ஒரு மில்லி எடுத்துக்கொண்டேன்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. சுலபமானது. ஒரு மில்லி கிருமிநாசினியை ஒன்பது மில்லி சத்துநீரில் கலக்க வேண்டும். கலந்ததும் மருந்தின் வீரியம் குறைந்துவிடும், அதற்குள் கிருமி இருந்தால் மூச்சுவிடும். பிறகு அந்த நீரை ஒரு தட்டில் பத்துச் சொட்டு வைக்க வேண்டும், இடம் விட்டு இடம் விட்டு. சூட்டுப்பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பத்தில் ஐந்து சொட்டு முளைத்தாலே அந்த மருந்து தோற்றது என்று அர்த்தம். மூன்று நாள் வைத்துப் பார்க்கச் சொல்லும் புத்தகம்.

எனக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. புதன்கிழமை காலை தட்டைத் திறந்தேன். பத்தும் முளைத்திருந்தன. பத்துப் பச்சை வட்டங்கள். குழாயில் இல்லை, தொட்டியில் இல்லை, சோப்பில் இல்லை. கிருமியைக் கொல்ல வைத்த மருந்துக்குள் கிருமி வாழ்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அடியில் மிச்சமிருந்தது புதிதாக ஊற்றியதில் பழகியிருக்கிறது. வாயில் அடைத்த பஞ்சு மருந்தின் வீரியத்தை உறிஞ்சியிருக்கிறது. அப்புறம் அதில் துணியை நனைத்து, கத்தி வைக்கப்போகிற இடத்தில் தேய்த்திருக்கிறார்கள். ஆறு வாரமாக. சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி.

ஒன்பதாம் படுக்கையின் தட்டையும் அன்றே அளந்தேன். அதே அளவுகள். ஏழாவது கைரேகை.

இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனேன். எங்கள் கண்காணிப்பாளருக்குப் பார்க்கலாம் என்று பெயர். மின்விசிறி ஓடவில்லை என்றாலும் பார்க்கலாம், கூரை ஒழுகுகிறது என்றாலும் பார்க்கலாம். அவருக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது மட்டும்தான் உடனே சரி என்றிருப்பார் என்று எழுத்தர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

தட்டைப் பார்த்தார். மேசையிலிருந்து நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். நடுவில் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். தியேட்டரில் இருக்கும் எல்லாக் கரைசலையும் கொட்டிவிட்டு, மூடி முத்திரையோடு வரும் சின்ன பாட்டில்களை மட்டும் பயன்படுத்த வேண்டும், அதுவரை ஆபரேஷனை நிறுத்த வேண்டும் என்றேன். தொற்றுத் தடுப்புக் குழு மாதம் முதல் வாரம் கூடும், அதில் வைக்கலாம் என்றார். முதல் வாரத்துக்குப் பதினொரு நாள் இருக்கிறது, அதற்குள் முப்பது பேரையாவது திறந்துவிடுவார்கள் என்றேன். டெக்னீஷியன் ஒருவர் சொன்னார் என்று தியேட்டரை மூட முடியுமா, ஒரு டாக்டரின் கையெழுத்து இருந்தால் பரவாயில்லை என்றார். அந்த டாக்டரைப் போடச் சொல்லி நான் நாலு கடிதம் எழுதினேனே என்றேன். அதுவும் பார்க்கலாம் என்றார்.

பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தார். குரல் மாறியது.

"வெள்ளிக்கிழமை மூணாவது கேஸ் உங்க தங்கச்சிதானே?"

ஆமாம் என்றேன்.

"உங்க தங்கச்சிக்கு மட்டும் புது பாட்டில் உடைக்கச் சொல்றேன். முத்திரை பாட்டில். நானே சிஸ்டர்கிட்ட சொல்லிடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

அப்படியென்றால் புது பாட்டில் இருக்கிறது. ஸ்டோரில் இருக்கிறது.

அந்த இடத்தில் தட்டை அவர் மேசையில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் பாதி இறங்கியபின்தான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

லேபுக்கு வந்ததும் தங்கை போன் செய்தாள். அவளுக்கு வேறு கவலை. வீட்டிலிருந்து தன் தலையணையைக் கொண்டு வரலாமா என்று கேட்டாள். முதல் குழந்தைக்கு வேறு மருத்துவமனைக்குப் போனாள், அங்கே கொடுத்த தலையணை செங்கல் மாதிரி இருந்ததாம்.

"நீ இருக்கற எடம்னுதான் இங்க வர்றேன்," என்றாள். "உன் பேரைச் சொன்னா ஜன்னலோரக் கட்டில் தருவாங்களா, இல்லை உன் பேரைக் கேட்டாலே தொரத்துவாங்களா?"

இரண்டாவதுதான் நடக்கும் என்றேன். சிரித்தாள். நான் போனை வைத்தேன். பட்டியலில் அவளுக்கு முன்னால் இரண்டு பெயர், பின்னால் நாலு பெயர். ஆறு பேருக்கும் இந்த ஊரில் ஓர் அக்கா இருப்பாள். லேபில் இருக்கமாட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மதியம் தட்டோடு தியேட்டருக்குப் போனேன். பளிச் சிஸ்டரிடம் காட்டினேன். பாட்டிலில் இருந்து வந்தது என்றேன். அவர் தட்டை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிரும்போது முகம் கறுத்திருந்தது.

தன் கையால் யாருக்கும் சீழ் வந்ததில்லை என்றார். எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் கேஸ் என்றார். வார்டில் கட்டுப் பிரிக்கிறவர்கள் கை கழுவுகிறார்களா என்று போய்க் கேட்கச் சொன்னார். சின்ன பாட்டில் வேண்டும் என்று ஐந்து வருடத்துக்கு முன்பே தான் எழுதிக் கேட்டதாகவும், இருப்பதை வைத்து ஓட்டுங்கள் என்று பதில் வந்ததாகவும் சொன்னார். ஸ்டோரில் சின்ன பாட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஆய்வுக்கு ஆள் வரும்போது அலமாரியில் வைத்துக் காட்ட, அவர்கள் போனதும் திரும்ப எடுத்துப் பூட்ட. அது தெரிந்தும் தான் என்ன செய்ய முடியும் என்றார். அது வரை எல்லாம் நியாயம்.

பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க மேசை மேல ஒரு பாட்டில் வச்சிருப்பீங்களே, மேசை துடைக்க. அதை எப்ப கழுவினீங்க?"

நான் தட்டை மூடினேன்.

"என் தியேட்டருக்கு வந்து சொட்டு எண்ணறீங்க. உங்க வீட்டுச் சொட்டை எண்ணிட்டு வாங்க."

கோபத்தோடு திரும்பினேன். அவர் மேல் கோபம். லேபில் என் மேசையின் வலது ஓரத்தில் அது நின்றது. பிளாஸ்டிக் பாட்டில். காலையும் மாலையும் அதிலிருந்து ஊற்றித்தான் மேசையைத் துடைப்பேன். லேபிளில் தேதி எழுத ஒரு கோடு இருக்கும். மை அழிந்துபோயிருந்தது. குறைந்தால் ஊற்றுவேன். காலி செய்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

ஒரு மில்லி எடுத்தேன். பத்துச் சொட்டு வைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழு சொட்டு முளைத்திருந்தது. பச்சை இல்லை, வேறு கிருமி. என் மேசையிலிருந்து யார் வயிற்றுக்கும் எதுவும் போயிருக்காது. அது ஆறுதலாக இல்லை. இந்தச் சோதனையை வருடத்துக்கு இரண்டு முறை செய்ய வேண்டும் என்று எங்கள் கையேட்டில் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். தியேட்டரிலோ வார்டிலோ லேபிலோ ஒருமுறைகூடச் செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டால்தான் செய்வேன் என்று பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

என் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தேன். இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

பளிச் சிஸ்டர் அலமாரிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என் தட்டைக் காட்டினேன். எண்ணினார்.

"ஏழு."

"ஆமா."

"எனக்குப் பத்து." அலமாரியைப் பார்த்தார். "பரவாயில்லை. உங்களைவிட நான் நல்லா வளர்த்திருக்கேன்."

சிரிக்கவில்லை இருவரும். புதுப் பாட்டில் யாருக்காவது உடைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். மூன்றாவது கேஸுக்கு மட்டும். ஏன் மூன்றாவதுக்கு மட்டும் என்று அவருக்குப் புரியவில்லையாம், யோசித்துக்கொண்டே இருந்தாராம். என் தங்கை என்றேன். நான் தலையாட்டிவிட்டு வந்தேன் என்றும் சொன்னேன். என்னை அடித்துவிடுவார் போலப் பார்த்தார். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

எழுந்தார். பஞ்சை உருவித் தூர எறிந்தார். அந்தக் கண்ணாடி பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கித் தொட்டிக்கு மேல் கவிழ்த்தார். குடுகுடுவென்று சத்தம். நான் பக்கத்து அறையில் இருந்ததை எடுத்து வந்தேன். கட்டு மாற்றும் அறையில் ஒன்று, பிரசவ அறையில் ஒன்று. நாலு பாட்டில். காலியான கண்ணாடி பாட்டிலின் அடியில் வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருந்தது. கிருமிகள் கட்டிக்கொண்ட வீடு. சிஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதைத் தெனம் வெளியே துடைச்சேன்," என்றார். "தெனம்."

அரை மணி நேரத்தில் கண்காணிப்பாளர் வந்துவிட்டார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஓடி வந்து பார்த்தேன். நாளைக்கு ஏழு கேஸ், துடைக்க ஒரு சொட்டு மருந்து இல்லை, யாரைக் கேட்டுக் கொட்டினீர்கள் என்றார். நான் என்று சிஸ்டர் சொன்னார். நான் என்று நானும் சொன்னேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பத்துச் சொட்டுத் தட்டை வாங்கினார், மூடியைத் திறக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த பாட்டில் என்று கேட்டார். தொட்டியில் கிடந்ததைக் காட்டினேன். இன்று காலைகூட அதில்தான் துடைத்தேன் என்றார். வேறு யாரிடமும் இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

பிறகு கண்காணிப்பாளரிடம் திரும்பி, ஸ்டோரைத் திறக்காமல் தான் கத்தியைத் தொடப்போவதில்லை என்றார். சத்தம் போடாமல் சொன்னார்.

ஸ்டோர் திறந்தது. சின்ன பாட்டில்கள் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. தூசி தட்டி எடுத்தோம். ஒரு வரிசையின் காலாவதித் தேதி தாண்டிவிட்டது. காட்டுவதற்கென்றே வைத்திருந்து கெட்டுப்போனவை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் தாமதமாகப் பட்டியல் தொடங்கியது. ஏழு பேருக்கு ஏழு பாட்டில். சிஸ்டர் ஒவ்வொன்றின் முத்திரையையும் தன் கையால் உடைத்தார், மிச்சத்தைத் தன் கையால் கொட்டினார். என் தங்கைக்குப் பெண் குழந்தை. ஜன்னலோரக் கட்டில் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை சிஸ்டருக்கும் எனக்கும் குறிப்பாணை வந்தது. அதிகார வரம்பை மீறியது. மருத்துவமனைச் சொத்தை அழித்தது. எனக்கு ஒரு வரி கூடுதல்: நோயாளிகளிடமோ உறவினர்களிடமோ ஆய்வு முடிவுகளைப் பற்றிப் பேசக்கூடாது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

அன்றைக்கே பிரசவ வார்டின் வாசலில் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள். அண்மையில் ஏற்பட்ட தொற்றுகளைக் கருத்தில் கொண்டு, நோயாளிகள் அறுவைச் சிகிச்சைக்கு முன் நன்றாகக் குளித்துவிட்டு வரவும், வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கவும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கீழே கண்காணிப்பாளரின் கையெழுத்து. எந்தத் தாளுக்கும் பதினொரு நாள் கேட்கிற கை அதற்கு ஒரே நாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

நின்று இரண்டு முறை படித்தேன். கோபத்தில் எழுத்து தெரியவில்லை, அதனால் இரண்டாவது முறை.

உள்ளே போனேன். என் தங்கையின் கட்டில் பக்கம் போகவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள், கட்டு காய்ந்திருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஒன்பதாம் படுக்கைக்குப் போனேன்.

மருந்தை மாற்றியதில் காய்ச்சல் விட்டிருந்தது. காயத்தை மறுபடி திறந்து கழுவித் தைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு வாரம் இருக்க வேண்டியிருக்கும். குழந்தை மாமியாரின் மடியில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் விரல்களில் தோல் உரிந்திருந்தது. கட்டிலின் காலில் ஒரு சோப்புப் பெட்டி கட்டித் தொங்கியது.

உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலைச் சொன்னேன், மேலே மேலே ஊற்றியதைச் சொன்னேன், ஏழு பேருக்கும் ஒரே கிருமி என்பதைச் சொன்னேன். நான் ஆறு ரிப்போர்ட் எழுதிவிட்டுச் சும்மா இருந்ததையும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்களில் பேச்சு நின்றுவிட்டது.

அந்தப் பெண் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் குளிச்சது போதும்தானே அக்கா?"

போதும் என்றேன்.

மாமியார் அழவில்லை. அவர் கோபம் என்னுடையதைவிடப் பெரியது, பழையது.

"எட்டு நாளா எங்க வீட்டைப் பத்திப் பேசினாங்க," என்றார். "என் மகன் வந்து வீடு பூரா கழுவிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டாங்க, என்னத்துக்குக் கழுவறீங்கன்னு. நான் இவளைத் திட்டினேன். இவளைப் போயித் திட்டினேன்." நிறுத்தினார். "இப்ப நீ வாயால சொல்றே. நாளைக்கு நீ இல்லைன்னா? எழுதிக் குடுப்பியாம்மா?"

குறிப்பாணை என் பையில் இருந்தது. அதன் கடைசி வரி மனப்பாடமாக இருந்தது.

லேபுக்குப் போய் ரிப்போர்ட் தாள் ஒன்றை எடுத்து வந்தேன். அதே தாள், ஆறு பேருக்கு எழுதியது மாதிரி. ஆனால் கிருமியின் பெயரையும் மில்லிமீட்டரையும் கடைசியில் போட்டேன். முதலில் யாருக்கும் புரிகிற மாதிரி எழுதினேன். இந்தப் பெண்ணின் காயத்தில் இருந்த கிருமி இந்த மருத்துவமனையின் கிருமிநாசினி பாட்டிலில் இருந்தது. அவர் உடம்பிலிருந்தோ வீட்டிலிருந்தோ வந்ததல்ல. தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பதவி என்ற இடத்தில் லேப் டெக்னீஷியன் என்று எழுதினேன்.

மாமியார் குழந்தையை மருமகளிடம் நீட்டினார். இரண்டு கையாலும் தாளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். எழுந்து குழாயடிக்குப் போகவில்லை.

அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். சத்தமாக. ஒரு சொல்லில் தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. வார்டு சிஸ்டர் மேசையிலிருந்து எழுந்து நின்றார், உட்காரவில்லை, வரவும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக நான் எழுதியதை ஒருவர் கடைசி வரி வரை படித்துக் கேட்டேன்.